சுவரில் முளைத்தது... தட்டில் நிற்கிறது!

உங்கள் ஆபீஸ் கட்டடத்தின் பின்பக்கத்தை என்றைக்காவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? டீ குடிக்க அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். ஆனால், கண் முழுக்க பஜ்ஜி மேல்தான் இருந்திருக்கும்! நாளைக்கு ஒரு நிமிஷம் மேலே பாருங்கள். இரண்டாவது மாடி பாத்ரூம் பைப் கசிகிற இடத்தில், சன்ஷேடுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு அரசங்கன்றோ ஆலங்கன்றோ ‘நானும் இந்த ஆபீஸ்தான்’ என்று நின்றுகொண்டிருக்கும்.

அதை யாரும் நடவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து வெட்டிவிட்டுப் போவார். ஒரு மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும். வெட்ட வெட்ட, அடிமரம் மட்டும் பருத்துக்கொண்டே போகும். எட்டு வருஷம், பத்து வருஷம் ஆனாலும் உயரம் என்னவோ ஒரு முழம்தான். ஆனால், முகத்தைப் பார்த்தால் எழுபது வயசுப் பெரியவர்!

கட்டட இன்ஜினீயருக்கு அது தொல்லை. கொத்தனாருக்கு அது அரை நாள் கூலி. ‘போன்சாய்’ பைத்தியம் பிடித்தவருக்கோ அது தங்கம்!

எனக்கு அந்தப் பைத்தியம் தொற்றியது எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவிலிருந்து. அங்கே ஒரு சீனியர் இருந்தார். (பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். ‘சீனியர்’ என்றே வைத்துக்கொள்வோம்.) மதிய சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வெற்றிலைபாக்குக் கடைக்குப் போனால், இவர் மட்டும் பழைய சுவர்களைப் பார்த்தபடி நடப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்ன சார், வீடு வாங்கப் போறீங்களா?”

“மரம் பார்க்கறேம்ப்பா!” என்றார்.

கிழவரைக் கூட்டி வருவது!

‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு. ‘சாய்’ என்றால் நடுவது. ஜப்பான் வார்த்தை. ஆனால், கலை பிறந்த இடம் சீனா. அங்கே கி.பி. 706-ல் கட்டப்பட்ட ஒரு இளவரசர் கல்லறையின் சுவர் ஓவியத்தில், பணியாட்கள் குட்டிப் பாறைகளும் செடிகளும் வைத்த தட்டை ஏந்தி நிற்கிறார்கள். ஆக, ஆயிரத்து முந்நூறு வருஷத்துச் சமாசாரம்!

போன்சாய் மரம் என்று தனியாக ஒரு ஜாதி கிடையாது. சாதாரண மரம்தான். தட்டிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தால், பழைய கோபத்தை எல்லாம் சேர்த்துவைத்து மாடி உயரத்துக்கு வளர்ந்துவிடும். தட்டில் வைத்து, வேரையும் கிளையையும் அளவாக வெட்டி வெட்டிச் சின்னதாக வைத்திருக்கிறோம். அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். தொட்டியில் அடைத்த மரத்துக்கு அடிமரம் சுலபத்தில் பருக்காது. விதை போட்டு ஆரம்பித்தால், மணிக்கட்டு கனத்துக்கு வருவதற்குள் நமக்கு ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துவிடும். ஜப்பான்காரர்கள் பார்த்தார்கள். ‘குழந்தையை வளர்த்துக் கிழவனாக்குவதைவிட, கிழவரையே மலையிலிருந்து கூட்டி வந்துவிட்டால் என்ன?’

அதற்கு வைத்த பெயர் ‘யமடோரி’. ‘யமா’ என்றால் மலை. மலையிலிருந்து எடுத்து வருவது.

மலை உச்சியில், பாறை இடுக்கில், கைப்பிடி மண்ணில் பிழைக்கிற மரம் எப்படி இருக்கும்? பனி பாரம் ஏறி ஏறிக் கிளைகள் கீழ்நோக்கி வளையும். காற்று ஒரே பக்கம் தள்ளும். மேலே ஒரு கல் உருண்டு வந்தால் பட்டை உரியும். உரிந்த இடம் செத்து, வெயிலில் எலும்பு மாதிரி வெளுக்கும். பக்கத்திலேயே ஒரு விரல்கடை பட்டையில் மட்டும் உயிர் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பாதி சாவையும் பாதி உயிரையும்தான் போன்சாய் ரசிகர்கள் மணிக்கணக்கில் நின்று பார்க்கிறார்கள்.

ஷிகோகு தீவில் இஷிசுச்சி என்று ஒரு மலை. 1,982 மீட்டர். மேற்கு ஜப்பானிலேயே அதுதான் உயரம். அதன் செங்குத்துப் பாறைகளில் ‘ஷிம்பாகு’ என்கிற ஜூனிப்பர் மரங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இவற்றுக்கு மவுசு ஏறியதும், இதையே தொழிலாகக்கொண்ட ஆட்கள் கிளம்பினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறையில் இறங்கி, உளியால் கொத்தி எடுத்து வந்தார்கள். இறங்கியவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. இஷிசுச்சியில் தீர்ந்ததும் நீகாட்டா பக்கம் இடோய்காவா மலைகளுக்குப் போனார்கள். அங்கேயும் அதே கதை. நல்ல மரமெல்லாம் தீர்ந்துபோச்சு! இன்றைக்கு ஜப்பானில் புதிதாக வளர்க்கிற ஷிம்பாகு பெரும்பாலும் கிளையை வெட்டி வேர்விட வைத்ததுதான்.

“கேட்டுக்கோ” என்றார் சீனியர். “ஆசைப்பட்டது தப்பில்லை. அளவில்லாம ஆசைப்பட்டா மலையும் காலியாகும்!”

நம்ம ஊர் மலை... சுவர்!

சரி, சென்னையில் பனிக்கு எங்கே போவது? ‘போகவே வேண்டாம்’ என்பதுதான் சீனியரின் கட்சி.

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் பழத்துக்குள் கடுகைவிடச் சின்னதாக ஏகப்பட்ட விதைகள். காக்காய், மைனா, குயில், வவ்வால் என்று சகலரும் சாப்பிட்டுவிட்டு, நம் வீட்டு பாரபெட் சுவர் மேல் வந்து உட்கார்ந்து எச்சம் போடுகிறார்கள். விதைக்கு மண்கூட வேண்டாம். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் விரிசல் போதும். காட்டிலே இன்னொரு மரத்தின் பொந்தில் முளைத்துப் பிழைக்கிற ஜாதி ஆயிற்றே! பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் அதற்கு அல்வா!

அப்புறம் நடப்பது இஷிசுச்சியில் நடந்தது மாதிரியேதான். மண் இல்லை, தண்ணீர் சொட்டுச் சொட்டாக, நாலா பக்கமும் காற்று, வருஷா வருஷம் அரிவாள். மரம் குறுகி, முறுகி, அடி பருத்து நிற்கிறது. ஜப்பான் மரம் பனியில் வாங்கிய தழும்பை நம்ம மரம் பொதுப்பணியில் வாங்குகிறது. வித்தியாசம் ஒன்றுதான். மலை மரத்தை நாம் எடுக்காவிட்டால் அது இன்னும் நூறு வருஷம் வாழும். சுவர் மரத்தை நாம் எடுக்காவிட்டால், அடுத்த மராமத்தில் ஆசிட் ஊற்றிக் கொன்றுவிடுவார்கள்.

கொல்லாமல் விடவும் முடியாது. அதுவும் நிஜம். வேர் பருத்தால் சுவர் பிளக்கும். ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் பெருமான் கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் கோயிலாகப் போய்ப் புல்லையும் செடியையும் செதுக்கியிருக்கிறார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப் பணிக்குக் கிளம்புகிற குழுக்கள் இருக்கின்றன. செதுக்கிப் போட்ட குவியலில் நம்ம ‘கிழவர்’ ஒருவர் கிடந்தாலும் கிடப்பார்! (அதற்காக நீங்களாகவே கோபுரத்தில் ஏறிவிடாதீர்கள். பழைய கட்டுமானத்தில் வேரைப் பிடித்து இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். அது நிர்வாகமும் விவரம் தெரிந்தவர்களும் செய்ய வேண்டிய வேலை. கீழே விழுந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வதோடு நம் பங்கு முடிந்தது!)

வேட்டைக்குப் போன கதை!

2018 ஜூன். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று சீனியருக்குத் தகவல் வந்தது. கொல்லைப்புறச் சுவரில் நாலைந்து மரம். எனக்கு ஒரு நாள் கேஷுவல் லீவு காலி!

முதல் வேலை, சீனியர் மேஸ்திரியிடம் போய்ப் பேசினார்.

“அந்தச் சுவத்துல இருக்கற செடியை நாங்க எடுத்துக்கலாமா?”

மேஸ்திரி எங்களை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளிக்கிழமை மொத்தமா இடிக்கப்போறோம் சார். எடுத்துக்கோங்க. எதுக்கு... நாட்டு மருந்தா?”

“வளர்க்கறதுக்கு.”

“இதையா?” என்றவர், உள்ளே திரும்பி, “டேய், சாருங்களுக்கு ஏணி குடு” என்று கத்தினார். பைத்தியங்களிடம் காட்டுகிற மரியாதை!

சுவரில் ஒரு அரசு, இரண்டு ஆல், ஒரு இச்சி. நான் பார்க்க லட்சணமாக இருந்த அரசைக் காட்டினேன். சீனியர் தலையை ஆட்டினார். “அரசு இலைக்குக் காம்பு நீளம். என்ன பண்ணினாலும் இலை பெரிசாவே நிக்கும். ஒரு அடி மரத்துல உள்ளங்கை அகல இலை இருந்தா, குழந்தைக்குத் தாத்தா செருப்பு போட்ட மாதிரி இருக்கும். ஆல் பரவாயில்லை. இச்சி கிடைச்சா விடாதே. இலை சின்னது, விழுது விடும், எத்தனை வெட்டினாலும் தாங்கும்.”

இச்சியின் அடி என் முழங்கை கனம். உயரம் இரண்டரை அடி. இரண்டு வேர்கள் செங்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன.

பிடித்து இழுக்க என் கை போனது. “இழுக்காதே! இழுத்தா தடி வேர்தான் வரும். உயிரை வெச்சிருக்கற மயிர் வேரெல்லாம் சுவத்துலயே தங்கிடும்” என்றார். முந்தின நாள் சாயங்காலமே மேஸ்திரியிடம் சொல்லிச் சுவரில் நன்றாகத் தண்ணீர் அடிக்கச் சொல்லியிருந்தார். நனைந்த காரை உதிர்ந்தது. உளியும் சுத்தியலுமாக மரத்தைச் சுற்றி ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தோம். மரத்தைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது... சுவரை மரத்திலிருந்து எடுக்க வேண்டும்! இரண்டரை மணி நேரம்.

ஆழமாகப் போயிருந்த பெரிய வேரை ரம்பத்தால் அறுத்தோம். வெட்டிய இடத்தில் பால் கொட்டியது. தண்ணீர் தெளித்ததும் நின்றது. பிறகு சீனியர் மேலே பாதி மரத்தை ஒரே வெட்டு வெட்டியதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“சார்! அழகே அதுல தானே சார்?”

“வேர் பாதி போயிடுச்சு. இனிமே தண்ணி உறிஞ்சற ஆளு பாதி. குடிக்கிற வாயி மட்டும் அத்தனையும் இருந்தா எப்படிக் கட்டுப்படியாகும்? கணக்குப் பிரிவுக்காரன் கிட்டயே கேக்கறியே!”

நனைந்த கோணியில் வேரைச் சுற்றி, பாலிதீன் கவரில் கட்டி, ஸ்கூட்டரில் நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐஸ் ஹவுஸ் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், “கோழியா சார்?” என்று விசாரித்தார்.

வீட்டு வாசலில் அம்மா. “அரசமரத்தையா தூக்கிண்டு வந்திருக்கே? வீட்டுக்கு ஆகாதுடா!”

“அரசு இல்லம்மா. இச்சி.”

அம்மாவுக்கு இச்சியைப் பற்றி எந்த சாஸ்திரமும் ஞாபகம் வரவில்லை. “அப்ப சரி. மாடியிலேயே வை” என்று வழிவிட்டார்.

அன்றைக்கு எடுத்தது மூன்று மரம். ஒரு ஆலுக்குக் கல்லுக்குள்ளேயே எல்லா வேரும் போயிருந்தது. மொட்டைக் கட்டையாகத்தான் வந்தது. பதினைந்தாம் நாள் பட்டை சுருங்கிவிட்டது. மற்ற இரண்டும் நின்றன. ‘மூன்றுக்கு இரண்டு பாஸ்’ என்று சீனியர் சந்தோஷப்படவில்லை. செத்ததை எடுத்து, வேரைக் கழுவி, எங்கே நின்றுபோனது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை துறுதுறுக்கும்... கட்டிப்போடுங்கள்!

மரம் வந்தவுடனே அழகான நீலத் தட்டில் வைத்து, கம்பி சுற்றி, ஃபோட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். அப்படிச் செய்தால் அடுத்த ஃபோட்டோவுக்கு மாலை போட வேண்டியிருக்கும்!

ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷன் முடிந்து வந்த ஆளை அன்று சாயங்காலமே பரதநாட்டியம் ஆடச் சொல்வீர்களா? ஒரு பெரிய மண் தொட்டி. அதில் சல்லடையில் சலித்த செங்கல் துண்டு, பெருமணல், கொஞ்சம் மக்கிய எரு. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓட வேண்டும். மரம் ஆடாமல் கயிற்றால் தொட்டியோடு கட்ட வேண்டும். ஆடினால் புது மயிர் வேர் அறுந்துபோகும். மேலே பாலிதீன் பையைக் கூடாரம் மாதிரி கவிழ்த்து, நிழலில் வைத்தோம்.

இருபதாம் நாள் சிவப்பாக ஒரு மொக்கு. நான் ஆபீஸுக்கே போன் போட்டுச் சொன்னேன். சீனியர் அசரவில்லை. “அதை நம்பாதே. உடம்புல சேத்து வெச்ச பழைய சாப்பாட்டுல விடற இலை அது. வேர் பிடிச்சுதான் துளிர்த்ததுன்னு அர்த்தமில்லை. மூணாவது சுற்று துளிர் வரட்டும், பேசலாம்.”

இதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே கஷ்டமான கட்டம். காட்டிலும் சுவரிலும் எடுத்த மரங்களில் பல, முதல் துளிரைப் பார்த்து ஏமாந்து உரம் போடுவதால்தான் சாகின்றன. எங்கள் இச்சிக்கு அந்த வருஷம் உரம் கிடையாது, கத்திரி கிடையாது, கம்பி கிடையாது. தினமும் போய்ப் பார்க்கலாம். தொடக் கூடாது. கல்யாணம் நிச்சயமான காலத்துப் பெண் மாதிரி!

2019 கோடை முழுக்க அது தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. அந்த வருஷம்தான் சென்னையில் குடிதண்ணீருக்கே லாரியின் பின்னால் ஓடினோம். குளித்தது, அரிசி கழைந்தது, காய் கழுவியது என்று எது மிச்சமோ அது மாடிக்குப் போனது. சோப்புத் தண்ணீர் மட்டும் ஆகாது. அரிசி கழைந்த தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவே மாடி ஏற ஆரம்பித்ததைப் பார்த்தபோது, இந்த மரம் பிழைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

கம்பி கட்டும் படலம்!

மூன்றாம் வருஷம்தான் கம்பி. அலுமினியம் அல்லது செப்புக் கம்பி. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பியின் கனம் இருந்தால் போதும். 45 டிகிரி சாய்வில், ஒரே சீராகச் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலைத் தாங்கலாக வைத்து, மெதுவாக வளைக்க வேண்டும். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். அது எப்போது என்பதைக் கை சொல்லும்.

நம்ம வெயிலில் இச்சி தடதடவென்று பருக்கும். மாதம் ஒரு தடவை பார்க்காவிட்டால், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பெல்ட்டை இன்னமும் போட்டுக்கொண்டிருக்கிற ஆசாமி மாதிரி, கம்பிக்கு இரண்டு பக்கமும் பட்டை பிதுங்கிவிடும். அந்தத் தழும்பு மறைய வருஷக்கணக்கில் ஆகும். கம்பியைச் சுற்றிக் கழற்றாமல், கட்டிங் பிளேயரால் துண்டு துண்டாக நறுக்கி எடுப்பது உத்தமம். அவசரமில்லாதவர்கள் கம்பியே இல்லாமல், கிளையில் ஒரு கயிறு கட்டித் தொட்டி விளிம்புக்கு இழுத்து வைத்தாலும் போதும்.

என்ன வடிவத்துக்கு வளைப்பது? இங்கேதான் சீனியர் எனக்கு ஒரு பெரிய விஷயத்தைப் புரியவைத்தார். நான் புத்தகத்தைப் பார்த்து, ஜப்பான் பைன் மரம் மாதிரி முக்கோணமாக ஒரு படம் வரைந்துபோனேன். வாங்கிப் பார்த்தவர், “இந்த மாதிரி இச்சியை எந்த ஊர்ல பார்த்தே?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்குக் கூட்டிப்போனார். அங்கிருக்கிற ஆலமரத்துக்கு வயது சுமார் 450 என்கிறார்கள். 1989-ல் அடித்த புயலில் நடு அடிமரமே சாய்ந்துவிட்டது. விழுதுகள் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. “பார்த்தியா, நம்ம மரம் மேலே போறதில்லை. பக்கத்துல போகுது. கூர்மையா முடியறதில்லை. குடை மாதிரி கவியுது. நாலு பேர் கீழே உக்காந்து பஞ்சாயத்து பேசலாம்னு தோணணும். அதை இருபது அங்குலத்துல கொண்டு வா. ஜப்பான்காரனுக்கு அவன் மலை. நமக்கு நம்ம ஊர்க்கோடி!”

விழுதுக்கும் ஒரு தந்திரம் உண்டு. மழைக்காலத்தில் கிளையிலிருந்து நூல் மாதிரி விழுது எட்டிப்பார்க்கும். காற்றில் காய்ந்துபோவதற்கு முன், இளநீர் ஸ்ட்ரா ஒன்றை நீளவாக்கில் கீறி, விழுதை உள்ளே விட்டு, கீழ் முனையை மண்ணில் சொருகிவிட வேண்டும். ஸ்ட்ராவுக்குள் ஈரம் இருக்கும். மண்ணைத் தொட்டதும் கெட்டிப்படும். எங்கள் இச்சிக்கு இப்போது மூன்று விழுது. மூன்றும் இளநீர்க் கடை உபயம்!

“பாவம் இல்லையா சார்?”

மாடிக்கு வருகிற பத்துப் பேரில் ஆறு பேர் கேட்கிற கேள்வி. “வளர வேண்டிய மரத்தைக் கட்டிப்போட்டு, பட்டினி போட்டு...”

பட்டினி எல்லாம் கிடையாது. வேளா வேளைக்குத் தண்ணீர். வெயில் காலத்தில் இரண்டு வேளை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தட்டிலிருந்து எடுத்து, வேரை நறுக்கிப் புது மண். தரையில் நிற்கிற மரத்துக்கு யார் இத்தனை உபசாரம் செய்கிறார்கள்? ஆனால், கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டிப்போட்டவன் கைவிட்டால்தான் பாவம். தரை மரம் தானாகத் தேடிக் குடிக்கும். தட்டு மரத்துக்கு நம்மைத் தவிர நாதியில்லை. நாலு நாள் திருப்பதிக்குப் போய் வந்தால்கூட, பக்கத்து வீட்டில் சாவியோடு தண்ணீர்ப் பொறுப்பையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு ஏ.ஸி. ரூம் மேஜையில் அலங்காரமாக வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து பிளாஸ்டிக் மரம் வாங்கிக்கொள்ளுங்கள். இது வெயிலிலும் காற்றிலும் இருக்க வேண்டிய உயிர்.

இந்தப் பொறுப்பு எத்தனை தூரம் போகும்? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து போன்சாய் மியூசியத்தில் ஒரு வெள்ளைப் பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது. 1976-ல் மசாரு யமாகி என்கிற ஜப்பானிய போன்சாய் நிபுணர் அன்பளிப்பாகக் கொடுத்தது. கொடுக்கும்போது அவர் அதன் ஊரைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 2001-ல் அவருடைய பேரன்கள் இரண்டு பேர் தாத்தாவின் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் மியூசியத்துக்கே முழு விஷயம் தெரிந்தது. அந்த மரம் ஹிரோஷிமாவில் இருந்தது! 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோ மீட்டர் தூரத்தில்தான் யமாகியின் தோட்டம். ஒரு சுவரின் மறைவில் மரம் பிழைத்தது. ஊரே எரிந்தபோதும் யாரோ அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். குண்டு போட்ட நாட்டிலும் இன்றைக்கு யாரோ ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நாம் ஒரு மரத்தைப் பிடுங்கி எடுத்து வருகிறோம் என்றால், நமக்குப் பின்னால் யார் ஊற்றுவார்கள் என்றும் யோசித்தாக வேண்டும். சீனியர் தன் மரங்களுக்கு உயிலே எழுதி வைத்திருக்கிறார். அந்த இன்னொரு ஆல் எனக்கு!

கிளம்புமுன் கவனிக்க...

* இடத்துக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமல் ஒரு இலையைக்கூடத் தொடாதீர்கள். காப்புக்காட்டில் செடி பிடுங்குவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-படி குற்றம். ‘சின்னச் செடிதானே சார்’ என்பதெல்லாம் அங்கே செல்லாது.

* கத்திரி வெயில் முடிந்து ஒரு மழை பெய்ததும் எடுப்பது ஆல், இச்சிக்கு நல்ல சமயம். மார்கழி, தையில் வளர்ச்சி மந்தம். அப்போது வேண்டாம்.

* ஆலம்பால் கண்ணில் படக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உயரமான சுவர் என்றால் நீங்கள் ஏறவே ஏறாதீர்கள்.

* எடுக்கப் போவதற்கு முன்பே தொட்டியும் மண்ணும் தயாராக இருக்க வேண்டும். மரத்தை வாசலில் போட்டுவிட்டுச் செங்கல் உடைக்க உட்காரக் கூடாது.

விட்டுவிட்டு வந்த மரம்!

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் சீனியரும் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும்போது பார்த்தேன். ரோட்டுக்கு மேலே, யானை முதுகு மாதிரி ஒரு பாறை. அதன் நடுவில் ஒரு கல் இச்சி. உயரம் என் இடுப்பளவு. அடிமரம் ஆட்டுக்கல் கனம். வேர்கள் பாறையை உருக்கி ஊற்றியது மாதிரி வழிந்து, பத்தடி கீழே ஒரு இடுக்கில் காணாமல் போயிருந்தன. ஆடுகள் எட்டிய மட்டும் கடித்துக் கடித்து, கிளைகள் பின்னிப் பின்னி, குடை கவிழ்ந்து... எந்தக் கம்பியாலும் எந்த நிபுணராலும் செய்ய முடியாத மரம்.

என் கை தானாகப் பைக்குள் உளியைத் தேடியது. சீனியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதை யாராவது இடிக்கப்போறாங்களா?”

“இல்ல சார்.”

“ஆசிட் ஊத்தப்போறாங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப இங்க நமக்கு வேலையில்லை. வேர் பாறைக்குள்ள எத்தனை அடி போயிருக்குன்னு அதுக்குத்தான் தெரியும். வெட்டி எடுத்தா வீடு போறதுக்குள்ள செத்துடும். இத்தனை வருஷமா நிக்கற மரத்தை ஒரே நாள்ல கொல்லறதுக்கு நமக்கு லீவு வேற!”

நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி ஃபோட்டோ எடுத்தோம். எந்தக் கிளை எந்தக் கிளைக்கு மேலே வருகிறது, வேர் எங்கே பிரிகிறது என்று சீனியர் ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பையன் ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான்.

“மரத்தைப் போயி போட்டா புடிக்கிறீங்களே, என்னாத்துக்கு?”

“எங்க வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருக்குப்பா. இது எப்படி நிக்குதுன்னு அதுக்குக் காட்டணும்” என்றார் சீனியர். பையன் ஆடுகளோடு கொஞ்சம் தள்ளியே நடந்து போனான்!

அந்தப் படத்தை மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். கம்பியும் பிளேயருமாக உட்காரும்போது அதைப் பார்த்துத்தான் உட்காருகிறேன். திருவல்லிக்கேணி இச்சியில் இடது பக்கத்துக் கீழ்க்கிளை ஏறக்குறைய அந்த மாதிரி வந்துவிட்டது. இன்னும் நாலு கிளை பாக்கி.